பனிக்குள் உறைந்த மகரந்தம்

மரமே முளைக்காத துருவப் பனியில் மகரந்தம் எப்படி வந்தது, வந்திருந்தாலும் அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முதல் கேள்விக்கு விடை எளிது. காற்றுப்பைகள் இரண்டு கொண்ட பைன் மகரந்தம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் பறந்து சென்று படியும். கனடாவின் எல்ஸ்மியர் தீவிலுள்ள அகாசிஸ் பனிக்கவிகையில் (நிலத்தைக் கவிந்து மூடியிருக்கும் பெரும் பனிப்படலத்தில்), தெற்கே வெகுதொலைவிலுள்ள காடுகளின் மகரந்தம் அருகில் வளரும் புற்களின் மகரந்தத்தோடு கலந்தே கிடைக்கிறது. ஸ்போரோபொலெனின் என்னும் பொருளாலான அதன் புறவுறை அமிலங்களையும் தாங்கும் என்பதால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னும் வடிவம் கெடுவதில்லை.

எண்ணுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏரிச் சேற்றில் மகரந்தம் மண்டிக்கிடக்கும். பனியிலோ ஒரு லிட்டர் உருகுநீரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கக்கூடும். வடிகட்டுவதிலும் அமிலத்தில் கழுவுவதிலும் சில துகள்கள் தவறிப்போகும். எத்தனை தவறின என்று எப்படி அறிவது? 1971-இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்டாக்மார் இதற்கொரு மாத்திரையை விவரித்தார். லைக்கோபோடியம் என்னும் பூக்காத செடியின், எண்ணிக்கை தெரிந்த ஸ்போர்கள் (இனப்பெருக்க நுண்துகள்கள்) அடங்கிய அந்த மாத்திரையை நீரில் முதலிலேயே கரைத்துவிட வேண்டும். கழுவும்போது மகரந்தம் எந்த அளவுக்குத் தொலைகிறதோ, ஏறக்குறைய அதே அளவுக்கு இந்த விருந்தாளித் துகள்களும் தொலையும். எடுத்துக்காட்டாக, 2 லிட்டர் நீரில் 10,000 ஸ்போர்களைச் சேர்த்து, நுண்ணோக்கியில் 5,000 ஸ்போர்களையும் 6 மகரந்தத் துகள்களையும் கண்டால், பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். ஆகவே மொத்தம் 12, லிட்டருக்கு 6. தொலைந்ததைத் தேடிப் பிடிக்காமல், தொலையும் விகிதத்தை மட்டும் அளந்து விடை காண்கிற இந்த அறிவுக்கூர்மை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. லைக்கோபோடியம் இயல்பாகவே வளரும் பகுதியென்றால் யூகலிப்டஸ் மகரந்தம் போன்ற வேறொன்றைச் சேர்ப்பார்கள்.

எண்ணிக்கை கிடைத்தபின் கவனம் வேண்டும். பைன் மிகுந்திருப்பதால் அருகே பைன் காடு இருந்ததென்று கொள்ள முடியாது. காற்றின் திசை மாறியிருக்கலாம். அருகிலுள்ள புல், வில்லோ முதலியவற்றின் மகரந்தம் கூடினால்தான், அங்கே கோடை இதமாகிச் செடிகள் செழித்துப் பூத்தன என்று எண்ண இடமுண்டு.

புதிய துளைகளுக்கு நிதி தருவதைப் போலவே, பனியைத் துளையிட்டு முன்பு எடுத்த பழைய பனி உருளைகளை உறைநிலையில் காக்கவும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரி என்னும் அமெரிக்க ராணுவ முகாமில் 1966-இல் பனியின் அடியிலிருந்து எடுத்த மண், உறைகிடங்குகளில் பல பத்தாண்டுகள் மறந்துகிடந்தது. 2021-இல் வெளியான ஆய்வில்தான், அதற்குள் சுள்ளிகளும் இலைகளும் பாசிகளும் இருந்தது தெரியவந்தது.