பேஜன்ட்: வண்டியில் ஏறி வந்த சொல்

ஆங்கிலச் செய்தியில் 'பேஜன்ட்' என்று இருந்தால், தமிழில் அது யோசனையே இல்லாமல் 'அழகிப் போட்டி' ஆகிவிடும். அதில் வென்றவர் 'அழகி'. அதற்குப் பிறகு அவர் வாழ்நாள் முழுக்க மேடையில் வாசித்திருக்கலாம், அரசுப் பொறுப்பில் இருந்திருக்கலாம். எங்கே பெயர் வந்தாலும் முன்னால் 'முன்னாள் அழகி' ஒட்டிக்கொள்ளும். இந்த மொழிபெயர்ப்பைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பேஜன்ட் என்ற சொல்லுக்குள் அழகு என்ற பொருள் துளியும் இல்லை.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய சொல் இது. இங்கிலாந்தில் வழங்கிய லத்தீனில் அதன் வடிவம் 'பாஜினா'. புத்தகத்தின் பக்கத்தைக் குறிக்கும் அதே சொல்லா, 'பொருத்து, இறுக்கு' என்னும் வினையிலிருந்து பிறந்து மரச்சட்டம் இறுக்கிய மேடையைக் குறித்ததா என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடில்லை. புழக்கத்தில் இருந்த பொருள் மட்டும் தெளிவு: விவிலிய நாடகத்தின் ஒரு காட்சி, அல்லது அந்தக் காட்சியைச் சுமந்து செல்லும் சக்கர மேடை.

இங்கிலாந்தின் யார்க் நகரத்து ஆவணத்தில் 1376ஆம் ஆண்டிலேயே இந்த வண்டிகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நற்கருணைப் பெருவிழா நாளில், உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை காட்சி காட்சியாக வண்டிகள் தெருக்களில் வரும். நம்மூர் சுவாமி புறப்பாடு மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்பதுபோல, குறித்த இடங்களில் வண்டி நிற்கும், நடிப்பார்கள், நகரும், அடுத்த வண்டி வந்து நிற்கும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தொழிலைச் செய்வோர் பொறுப்பு. நோவாவின் பேழை கட்டும் காட்சி கப்பல் கட்டுவோருக்கு, கடைசி இராவுணவு ரொட்டி சுடுவோருக்கு, சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்வோருக்கு. பொருத்தம் பார்த்துத்தான் பங்கிட்டிருக்கிறார்கள்.

1569க்குப் பிறகு யார்க்கில் அந்த நாடகங்கள் நின்றுபோயின. சொல் நிற்கவில்லை. ஆடம்பர ஊர்வலம், கண்ணுக்கு விருந்தான காட்சி என்று பொருள் விரிந்தது. 1905இல் இங்கிலாந்தின் ஷெர்போர்ன் ஊர் மக்கள் தங்கள் ஊரின் வரலாற்றைத் தாங்களே வேடமிட்டு நடித்தபோது அதற்கும் பேஜன்ட் என்றே பெயர். அங்கிருந்து அந்த மோகம் அமெரிக்காவுக்கும் பரவியது.

அங்கே கடற்கரை ஊரான அட்லாண்டிக் சிட்டியின் ஓட்டல்காரர்களுக்குக் கவலை வேறு. செப்டம்பர் தொடக்கத்தில் கோடை விடுமுறை முடிந்ததும் கூட்டம் வடிந்துவிடும். அதைச் சில நாள் பிடித்து நிறுத்த அவர்கள் கடற்கரை நடைமேடையில் அலங்கரித்த சக்கர நாற்காலிகளின் ஊர்வலம் நடத்தினார்கள். 1921இல் அதோடு ஊர்வாரியான அழகுப் போட்டி சேர்ந்தது. வாஷிங்டனிலிருந்து வந்த 16 வயது மார்கரெட் கோர்மன் வென்றார். மிஸ் அமெரிக்காவின் தொடக்கம் அதுதான். ஊர்வலத்துக்குரிய பேஜன்ட், அதில் ஓர் உருப்படியாக இருந்த போட்டிக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

அடுத்து நுழைந்த சொல் 'டேலண்ட்'. 1935இல் திறன் சுற்று அறிமுகமாகி 1938இல் கட்டாயமானது. கிரேக்கத்தில் தராசையும் எடையையும், பிறகு ஒரு பெருந்தொகையையும் குறித்த சொல் இது. எஜமான் ஊழியர்களிடம் பணம் கொடுத்துவைத்த இயேசுவின் உவமையால் 'கடவுள் தந்த திறமை' என்ற பொருளைப் பெற்றது. தமிழ் விவிலியத்தில் அது 'தாலந்து' என்றே இருக்கிறது. இன்றும் திருச்சபைகளில் பிள்ளைகளுக்குத் தாலந்துப் போட்டி நடக்கிறது. பொதுத் தமிழுக்குத் 'தனித்திறன்' போதும்.

இந்தச் சொற்கள் ஒரு வாழ்க்கையில் எப்படிப் பொருள் கொண்டன என்பதற்கு பெஸ் மையர்சனைப் பார்க்கலாம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி யூதக் குடும்பத்துப் பெண், ஹண்டர் கல்லூரியில் இசை படித்தவர். அவர் பெயரைப் போட்டிக்குக் கொடுத்தது அக்கா. யூதப் பெண் என்று தெரியாதபடி பெயரை மாற்றிக்கொள்ளும்படி போட்டியின் இயக்குநர் சொன்னார், பெஸ் மறுத்துவிட்டார். பியானோவும் புல்லாங்குழலும் வாசித்து 1945 செப்டம்பரில் மிஸ் அமெரிக்கா பட்டம் வென்றார். பட்டத்தோடு கல்வி உதவித்தொகை வழங்கத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். தொகை 5,000 டாலர்.

பிறகு வந்தது கசப்பு. விளம்பரதாரர்கள் யூதப் பெண்ணை வைத்து விளம்பரம் செய்யத் தயங்கினார்கள். ஊர் ஊராகப் போய்ப் பாட்டு, ஆட்டம் கலந்த கலவை நிகழ்ச்சி மேடைகளில் அவர் பியானோ வாசித்தால், கூட்டம் நீச்சலுடைக்காகக் காத்திருந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டு, யூத வெறுப்பை எதிர்க்கும் அமைப்பான அவதூறு எதிர்ப்புக் கழகத்தின் சார்பில் பள்ளி பள்ளியாகச் சென்று இனவெறுப்புக்கு எதிராகப் பேசினார். அழகும் வெறுப்பும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க முடியாது என்பதே அந்தப் பேச்சின் தலைப்பு. பின்னர் தொலைக்காட்சியில் நெடுங்காலம் இருந்தார். 1969இல் நியூயார்க் நகரின் நுகர்வோர் நலத்துறை ஆணையரானார். 1980களில் நீதிமன்ற வழக்கில் பெயர் கெட்டதும் உண்டு; விடுதலையானார். இவரை 'அழகி' என்று எழுதி முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

மையர்சன் தாமாகச் செய்ததைப் பிறகு விதியாக்கினார்கள். 1988க்கான பட்டத்தை வென்ற கேயி லானி ரே ராஃப்கோ, மிஷிகனைச் சேர்ந்த செவிலியர். மேடையில் ஆடியது பசிபிக் தீவான தஹிதியின் நடனம். பட்டத்துடன் இருந்த ஆண்டில் செவிலியர் பணிக்காகவும், இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் இல்லங்களுக்காகவும் ஊர் ஊராகப் பேசினார். அதன் தாக்கத்தில், போட்டியாளர் ஒவ்வொருவரும் ஒரு பொதுப்பணியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற விதி 1989இல் வந்தது. அதற்கு இட்ட பெயர் 'பிளாட்பார்ம்'. நமக்கு அது ரயில் நிற்கும் இடம், அல்லது தெருவோர நடைபாதை. இந்த இடத்தில் 'சேவைக்களம்' என்று எழுதலாம்.

2018இல் நீச்சலுடைச் சுற்றை நீக்கியபோது, இனி இது பேஜன்ட் இல்லை, போட்டி என்று அறிவித்தவர் அமைப்பின் தலைவர் கிரெட்சன் கார்ல்சன். அவரும் வயலின் வாசித்துப் பட்டம் வென்றவர்தான். பழைய யார்க் நாடகக்காரர்கள் கேட்டிருந்தால் குழம்பியிருப்பார்கள்: உடைக் காட்சி போய்க் கலை நிகழ்ச்சி தங்கும்போதல்லவா அது அசல் பேஜன்ட்!

தமிழுக்கு வருவோம். 'மிஸ்' என்பதற்கு நேர் சொல் 'செல்வி'. நாம் அதை விட்டு 'உலக அழகி', 'பிரபஞ்ச அழகி' என்று பொருளை நாமே சேர்த்துக்கொண்டோம். உடற்கட்டுப் போட்டி 'மிஸ்டர்' ஆணழகன் ஆனதும் இதே வழியில். நிகழ்ச்சிக்கு 'அழகிப் போட்டி' நிலைபெற்றுவிட்டது. அதை அசைக்கத் தேவையில்லை. பழைய நாடக வண்டியைச் சொல்லும்போது 'ஊர்வல நாடகம்', ஊர் வரலாற்றைச் சொல்லும்போது 'வரலாற்றுக் காட்சி' பொருந்தும்.

வென்றவருக்கு மட்டும் வேறு சொல் வேண்டும், அது நம்மிடமே இருக்கிறது: பட்டம். 'பட்ட' என்ற வடசொல்லோடு இணைத்துப் பேசப்படும் இது, சிறப்பின் அடையாளமாக நெற்றியில் கட்டிய பொற்றகட்டைக் குறித்தது. பட்டத்தரசி, பட்டத்து யானை, நெற்றிப்பட்டம் எல்லாம் அந்த வழி. பிறகு பல்கலைக்கழகமும் பட்டம் கொடுத்தது. அதில் அழகு இல்லை, பெருமையும் பொறுப்பும் உண்டு. அழகுப் போட்டியில் தோளில் குறுக்காக அணியும் பட்டைக்கான 'சாஷ்' என்ற சொல்கூட, தலைப்பாகைத் துணியைச் சொன்ன அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஆகவே 'முன்னாள் அழகி பெஸ் மையர்சன்' என்பதைவிட, '1945இல் மிஸ் அமெரிக்கா பட்டம் வென்ற பியானோ கலைஞர் பெஸ் மையர்சன்' என்று எழுதலாம். இரண்டு மூன்று சொல் கூடும். பத்தி அளவைக் காட்டி ஆசிரியர் வெட்டினால், 'பட்டம் வென்ற' என்பதை மட்டுமாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள்.