தேதிக்கு முன்னால் 'வித்தின்' போடாதீர்கள்

அலுவலகக் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதும், பிறர் எழுதியதைத் திருத்துவதும் என் தொழில். அண்மையில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். '10ஆம் தேதிக்குள் பணம் செலுத்தவும்' என்பதை ஆங்கிலத்தில் 'வித்தின் 10' (within 10) என்று எழுதி, 6ஆம் தேதி அனுப்பியிருக்கிறார்கள். பெற்றவரோ பத்து நாள் என்று படித்து, 16ஆம் தேதி வரை அவகாசம் இருப்பதாக நினைத்துவிட்டார். பணமும் வரவில்லை, மனக்கசப்பும் மிஞ்சியது.

இந்தப் பிழையைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. சுட்டிக்காட்டினால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "'குள்' என்றால் உள்ளே. உள்ளே என்றால் வித்தின்தானே?"

இல்லை. தமிழில் 'குள்' இரண்டு வேலை பார்க்கிறது. 'ஐந்து மணி நேரத்துக்குள் வருகிறேன்' என்பது கால அளவு. 'ஐந்து மணிக்குள் வருகிறேன்' என்பது கெடு. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'வித்தின் ஃபைவ் ஹவர்ஸ்', பின்னதற்கு 'பை ஃபைவ் ஓ கிளாக்' (by five o'clock). 'எவ்வளவு நேரம்?' என்ற கேள்விக்கு விடையானால் வித்தின், 'எப்போது?' என்பதற்கு விடையானால் பை. வெள்ளிக்கிழமை என்பது 'எவ்வளவு' என்பதற்கு விடையாகுமா? ஆகாது. ஆகவே 'பை ஃப்ரைடே'. 'வித்தின் ஃப்ரைடே' என்று எழுதினால், வேலை வெள்ளியன்றே தொடங்கி வெள்ளியன்றே முடிய வேண்டும் என்றுகூட ஒருவர் பொருள்கொள்ளலாம்.

'வெள்ளிக்குள் முடித்திருப்பேன்' என்று சொல்ல, 'ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட் இட் பை ஃப்ரைடே' என்று வினையும் அதற்கேற்ப மாறும்.

'பை ஃப்ரைடே' என்றால் பொதுவாக வெள்ளியும் சேர்த்தி. 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு சரி. பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் நான் இரண்டையும் விட்டுவிட்டு 'ஆன் ஆர் பிஃபோர்' என்றே எழுதுவேன். அதில் வாதத்துக்கு இடமில்லை.

'வித்தின் 30 டேஸ்' என்று மொட்டையாக விடாதீர்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்தா, கையெழுத்திட்ட நாளிலிருந்தா? அதையும் அங்கேயே எழுதுங்கள். வித்தினுக்குப் பதிலாக வெறும் 'இன்' போடுவதும் வேண்டாம். 'இன் டூ டேஸ்' என்பதைப் பெரும்பாலும் இரண்டு நாள் கழித்து என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

தயவுசெய்து, கெடு உள்ள கடிதத்தை அனுப்பும் முன் தேதி இருக்கும் அந்த ஒரு வரியை மட்டுமாவது மறுமுறை படியுங்கள். மாதத்தின் பெயரையும் முழுதாக எழுதுங்கள்.