அமெச்சூர்

'மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகம்' என்று போட்டித் தட்டிகளில் பார்த்திருப்போம். சம்பளம் வாங்காமல் நாடகம் போடுகிறவர்களை அமெச்சூர் குழு என்போம். 'அமெச்சூர்த்தனமா ஆடுறான்' என்றால் ஆடத் தெரியவில்லை என்று பொருள். சொல் ஒன்று, பொருள் பல.

இலத்தீனில் 'அமாரே' என்றால் நேசித்தல். 'அமாத்தோர்' என்றால் நேசிப்பவர். அது பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஓவியம், இசை போன்ற ஒன்றை விரும்பிப் பயில்கிறவர் என்பதுதான் அப்போதைய பொருள். காசு வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும், திறமை குறைந்தவர் என்ற ஏளனமும் பின்னால் ஒட்டிக்கொண்டவை.

அந்த நிபந்தனையை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மேல்தட்டு. ஹென்லி படகுப் போட்டியின் விதிகள் கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோரை அமெச்சூர் என்றே ஏற்கவில்லை. உடலுழைப்பில் வாழ்பவன் துடுப்புப் போட்டால் அது தூய விளையாட்டு ஆகாதாம்! கொத்து வேலை பார்த்த அமெரிக்கர் ஜான் கெல்லியை 1920இல் ஹென்லி சேர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய படகுச் சங்கத்தின் மீது இருந்த பழைய தடையோடு இந்த விதியும் காரணமாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கம் வென்றார். வேலைக்குப் போகாமல் பயிற்சி எடுக்க வசதி உள்ளவனுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு விதியை உயர்ந்த லட்சியம் என்று உலகமே ஏற்றுக்கொண்டிருந்தது.

அந்த லட்சியத்துக்குப் பெரிய விலை கொடுத்தவர் ஜிம் தார்ப். அமெரிக்கப் பூர்வகுடியான அவர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து தடகளப் போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்துப் போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்றார். அதற்கு முன் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பப் பணத்துக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார். கல்லூரி மாணவர்கள் பலர் வேறு பெயரில் இப்படி ஆடுவது வழக்கம். தார்ப் சொந்தப் பெயரில் ஆடினார். அது தெரியவந்ததும் 1913இல் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. போட்டி முடிந்து 30 நாளுக்குள் புகார் வர வேண்டும் என்று விதி இருந்தும், கெடு தாண்டி வந்த புகாரின் மேல்தான் பறித்தார்கள். 1953இல் அவர் இறந்தார். 1982இல் 'கூட்டு வெற்றியாளர்' என்ற பட்டம் திரும்பியது. ஒரே வெற்றியாளர் அவர்தான் என்று ஒலிம்பிக் குழு ஏற்றது 2022இல். 110 ஆண்டுகள்! இதை எந்த விளக்கம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

1912இல் அவரோடு அதே போட்டிகளில் இறங்கித் தோற்ற ஏவரி பிரண்டேஜ் பின்னாளில், 1952 முதல் 1972 வரை, ஒலிம்பிக் குழுத் தலைவராக இருந்தார். அமெச்சூர் விதியை அவர்போல் இறுகப் பிடித்தவர் இல்லை. 1972 சப்போரோ குளிர்காலப் போட்டிக்குச் சில நாள் முன்பு, விளம்பரத்துக்குப் பெயரைத் தந்தார் என்று ஆஸ்திரியப் பனிச்சறுக்கு நட்சத்திரம் கார்ல் ஷ்ரான்ஸ் வெளியேற்றப்பட்டார். வியன்னாவில் பெருங்கூட்டம் திரண்டு அவரை வரவேற்றது. சோவியத் முகாம் நாடுகளின் வீரர்களோ ராணுவத்திலும் ஆலையிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமும் பயிற்சி செய்தார்கள். ஏட்டில் அவர்கள் அமெச்சூர்கள்.

1986இல் வந்த முடிவால் தொழில்முறை வீரர்களைச் சேர்ப்பது அந்தந்த விளையாட்டுக் கூட்டமைப்பின் கைக்குப் போனது. 1992 பார்சிலோனாவில் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் ஆடினார். பதக்க மேடையில் அணி உடையில் இருந்த ரீபாக் சின்னத்தைத் தேசியக் கொடியால் மறைத்துக்கொண்டு நின்றார். அவருடைய விளம்பர ஒப்பந்தம் ரீபாக்கின் போட்டி நிறுவனமான நைக்கியோடு. கொடி நிறுவனப் போட்டிக்குத் திரையானதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வீரர் காசு வாங்குவதே களங்கம் என்ற பழைய எண்ணம் அதைவிட மோசம். ஒலிம்பிக் குழு இன்றும் பரிசுப் பணம் தருவதில்லை. 2024 பாரிஸில் உலகத் தடகள அமைப்பு தன் கையிலிருந்து ஒவ்வொரு தடகளத் தங்கத்துக்கும் 50,000 டாலர் கொடுத்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஒரே சொல்லால் எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டாம். திறமை போதாது என்ற பொருளுக்குக் 'கத்துக்குட்டி' இருக்கிறது. ஊதியம் வாங்காததைக் குறிக்கத் 'தொழில்முறை சாராத' போதும். நாடகத்துக்குப் 'பயில்முறை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அது இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்ற பொருளைத் தருவதால் எனக்கு அதில் நிறைவில்லை. மூலப்பொருளுக்கு நெருக்கமானது 'ஆர்வலர்'. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற குறளில் அதன் பொருள் அன்புடையவர் என்பதே. 'வானியல் ஆர்வலர்' என்று இப்போதே எழுதுகிறோம்.

வீரர்களுக்கு மட்டும் கவனம் தேவை. 'கபடி ஆர்வலர்' என்றால் பார்வையாளர் என்று புரிந்துகொள்வார்கள். அங்கே 'தொழில்முறை சாராத வீரர்' என்றே எழுதலாம். தார்ப், ஷ்ரான்ஸ் கதைகளில் வரும் அந்தப் பழைய விதியை 'அமெச்சூர் விதி' என்று அப்படியே விட்டுவிடுவதே சரி. அதற்கு 'ஆர்வலர்' என்ற நல்ல சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.