டெல்லி தூரம், அடுப்பங்கரை பக்கம்

தீபாவளி முடிந்த கையோடு டெல்லிப் புகைமூட்டம் தொலைக்காட்சியில் ஓட ஆரம்பிக்கும். அந்த வாரங்களில் என்னிடம் வருகிறவர்களில் யாராவது ஒருவர், "நல்லவேளை சார், நம்ம ஊர்ல கடல் காத்து, அந்தத் தொல்லை இல்ல" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். சொல்கிறவர் பெரும்பாலும் தீர்ந்துபோன இன்ஹேலருக்கு மறுபடி சீட்டு எழுத வந்தவராக இருப்பார்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கிறேன். கடல் காற்று உண்மைதான். புகைபோக்கிகள் வரிசைகட்டி நிற்கும் ஊரும் இல்லை இது. அப்படியும் நுரையீரல் கெட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அதில் பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்கள் கணிசம்.

காற்று மாசு என்றதும் நாம் வாகனம், அனல்மின் நிலையம், சிமெண்ட் ஆலை, கட்டுமானத் தூசு என்று அடுக்குவோம். எல்லாம் சரி. ஆனால் எவ்வளவு புகை வெளியே வந்தது என்பது ஒரு கணக்கு, அதில் எவ்வளவு மனிதருடைய நெஞ்சுக்குள் போனது என்பது வேறு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கைப் பெரிதாகப் பேசியவர் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமத்துச் சமையலறைகளில் புகையை அளந்தவர், 2020இல் காலமானார். வீட்டுக்குள் விடும் மாசு, வெளியே விடும் அதே அளவு மாசைவிட ஒருவருடைய மூச்சில் போய்ச் சேர ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வாய்ப்பு அதிகம் என்பது அவர் சொன்ன தோராயக் கணக்கு. உயரமான புகைபோக்கியிலிருந்து வரும் புகை கலைந்து போக வானம் இருக்கிறது. ஓட்டு வீட்டு அடுப்பங்கரைப் புகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்குதான் இருக்கிறது.

முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தண்ணீர்க் குடத்தோடு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, விடிகாலையில் இருமல். கூட வந்த கணவரின் சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. ஊதிப் பார்க்கும் சோதனைக்கு, அதாவது ஸ்பைரோமெட்ரிக்கு அனுப்பினேன். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று தொழில்நுட்பர் கத்தக் கத்த, அவருக்குப் பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. நன்றாக இழுத்த மூச்சை வேகமாக ஊதினால், முதல் நொடியிலேயே 70 சதவீதத்துக்கு மேல் வெளியே வந்துவிட வேண்டும். இவருக்குப் பாதிகூட வரவில்லை. மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னோம், பெரிய மாற்றமில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

"பீடி, சுருட்டு ஏதும் பழக்கம் உண்டாம்மா?"

"அய்ய, அதெல்லாம் அவுகதான்."

"சமையல் எதுல?"

"கேஸ் வாங்கியாச்சு சார்."

"நேத்து ராத்திரிச் சோறு எதுல ஆக்குனீங்க?"

சிரித்துவிட்டார். "சோறு, கொழம்பு, வெந்நி எல்லாம் வெறகுலதான். யாராச்சும் வந்தா கேஸ்ல டீ போடுவோம். சிலிண்டர் தீந்துட்டா யாரு சார் காசுக்குப் போறது? கருவேல முள்ளு சும்மாதானே கெடக்கு."

கேஸ் இருக்கிறதா என்று கேட்டால் ஊரே இருக்கிறது என்றுதான் சொல்லும். நேற்று எதில் சமைத்தீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, சமையலுக்குச் சுத்தமான எரிபொருள் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் 58.6 சதவீதம். இரண்டு அடுப்பும் வைத்திருக்கிற வீடுகளின் கதை அந்த எண்ணுக்குள் தெரியாது. மழைக்காலத்தில் ஈர விறகு, பற்றவைக்க ஒரு பாலித்தீன் பை, இடையிடையே விராட்டி. சமைக்கும் நேரத்தில் அந்த அறையின் நுண்துகள் அளவு ஒரு கன மீட்டர் காற்றில் சில நூறு மைக்ரோகிராம் வரை சர்வசாதாரணமாகப் போகும். 24 மணி நேரச் சராசரி 15ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழக்கதோஷம், சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று பெண்களைக் குறை சொல்பவர்களுக்கு ஒரு தகவல். நம் விழுப்புரம், நாகப்பட்டினம் உள்படப் பல நாடுகளின் ஊர்களில் நடந்த ஓர் ஆய்வில், கர்ப்பிணிகளுக்கு கேஸ் அடுப்போடு ஒன்றரை வருடத்துக்கு சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே விறகை விட்டுவிட்டார்கள், புகையும் நன்றாகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவில்லை. கர்ப்பம் தரித்த பிறகு அடுப்பை மாற்றியது தாமதமா என்றெல்லாம் விவாதம் இருக்கிறது. ஆகவே கேஸ் வந்தால் எல்லா நோயும் போய்விடும் என்று நான் அளந்துவிடப் போவதில்லை. ஆனால் விறகைப் பிடித்துவைத்திருப்பது சிலிண்டர் விலைதான், பிடிவாதம் அல்ல. ஒரு மருத்துவர் மருந்துச்சீட்டில் எழுத முடியாத சிகிச்சை அது.

எங்கள் பக்கத்தில் கரிமூட்டம் இன்னொரு கதை. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, கூளம் போட்டு, மண் பூசி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புழுங்கவிடுவார்கள். காற்று அதிகம் போனால் மிஞ்சுவது சாம்பல், போகாவிட்டால் வேகாத கட்டை. அந்தப் பதத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே கிடப்பார். அரைகுறையாக எரியும் எதிலும் கார்பன் மோனாக்சைடு வரும். ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும் வாயு அது. தலைவலி, குமட்டல், அசதி என்று வருவார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பக் கூடாத இடம் இது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்று எடுத்துக்கொண்டு, 98, 99 என்று அழகாகக் காட்டும். மலைவாசத்தலங்களில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழாமலே போனவர்களின் செய்தி அவ்வப்போது வருகிறதே, அதே வாயுதான். இதற்கு வாசனை கிடையாது.

அப்புறம் கொசுவத்தி. மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற சுருள்களை வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே ஒரு சுருள் எரிந்து முடிக்கையில் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்றது. வீட்டுக்காரர் வாசலில் நின்று ஒரு சிகரெட் பிடித்தால் சண்டை போடுகிறோம். சன்னலைச் சாத்திவிட்டுத் தொட்டிலுக்குக் கீழே சுருளை வைக்கிறோம். கைக்குழந்தைக்குத் தலை ஊற்றிச் சாம்பிராணிப் புகை காட்டும்போது பாட்டிமார்களிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாருமில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: தலையைத் துவட்டக் காய்ந்த துண்டு போதும், கொசுவுக்கு வலை போதும். குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறது, நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வீட்டுப்புகை சின்னக் குழந்தைகளுக்கு நிமோனியா வரும் ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தெருமுனையில் எரியும் குப்பை பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும். செம்புக்காக ஒயரை எரிக்கிறார்கள் அல்லவா, ஒயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரியும் அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர் அந்த வழியாக நடந்து போனாலே இழுப்பு வந்துவிடும்.

உள்ளே போன புகை என்ன செய்கிறது? பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியோடு தள்ளிவிடும். பிஎம் 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. மூச்சுச் சிற்றறை வரை போய் உட்கார்ந்துவிடும். அதை விழுங்க வரும் தற்காப்பு அணுக்களே வீக்கத்தைக் கிளப்புகின்றன. வருடக்கணக்கில் இது நடந்தால் மெல்லிய குழாய்கள் சுருங்கித் தழும்பாகிவிடும், பிறகு திரும்பாது. மிக மிகச் சின்னத் துகள்கள் ரத்தத்துக்குள்ளேயே போகின்றன. காற்று மாசினால் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறக்கிறார்கள், அதில் பெரும்பங்கு மாரடைப்பும் பக்கவாதமும். நெஞ்சு வலிக்கு இதய மருத்துவரிடம் போனவர் வீட்டு அடுப்பைப் பற்றி ஏன் சொல்லப்போகிறார்? 2013இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளிக்காற்று மாசையும் நிச்சயமான புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

கைப்பேசிச் செயலியில் எங்கள் ஊருக்குப் பச்சை காட்டுகிறதே என்பார்கள். நமது காற்றுத் தரக் குறியீட்டில் நுண்துகள் 30 மைக்ரோகிராம் வரைக்கும் 'நன்று'. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 15க்கு அது இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, அளக்கும் கருவி இருப்பது எங்கேயோ ஒரு கட்டடத்து மாடியில், உங்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை.

கேஸ் கட்டுப்படியாகாத வீட்டில் என்ன செய்யலாம்? அடுப்பை முற்றத்துக்கோ, கூரை மட்டும் உள்ள திறந்த இடத்துக்கோ மாற்றுங்கள். காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள். வெந்நீரையாவது விறகிலிருந்து எடுத்துவிடுங்கள், வெயிலில் வைத்த அண்டாவே எங்கள் ஊரில் பாதி வேலையைச் செய்துவிடும். சமைக்கும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தானையால் மூக்கை மூடுவது நுண்துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் தடுக்கும், ஆனால் அடுப்பு முன்னால் அதை மாட்டிக்கொண்டு யாரும் உட்கார மாட்டார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

இரண்டு மாதமாகச் சளியோ இருமலோ விடாதவர்கள், முன்பு சிரமமில்லாமல் ஏறிய படியில் இப்போது நின்று நின்று ஏறுகிறவர்கள், மருத்துவரிடம் போகும்போது வீட்டில் எது எரிகிறது என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று வீடு திரும்பாதீர்கள். அடைப்பு நோயின் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். ஊதிப் பார்த்தால்தான் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் அந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.