தண்ணீரோடு கூடவே வரும் காவல்

1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா பரவி 8,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனாவில் பாதிப்பு மிகக் குறைவு. இரண்டு ஊருக்கும் எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். சொல்லப்போனால் ஆல்டோனாவின் நிலைமைதான் மோசம். ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் அது தண்ணீர் எடுத்தது. ஆனால் எடுத்த தண்ணீரை மணலில் வடிகட்டியது. ஹாம்பர்க் வடிகட்டாமலே குழாயில் விட்டது. எல்லைத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் காலரா இருந்தது, எதிர்ப்பக்கத்தில் இல்லை.

மணல் எப்படிக் கிருமியைப் பிடித்தது? மணலின் இடைவெளிகள் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியவை, ஆகவே அது வெறும் சல்லடை வேலை இல்லை. தண்ணீர் மெதுவாக இறங்கும்போது மணலின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வழவழப்பான படலமாகின்றன. நோய்க்கிருமிகள் அதில் ஒட்டி, அங்கே வாழும் உயிர்களுக்கு இரையாகின்றன. இன்றைய நிலையங்கள் வேகமாக வடிகட்டுவதால், முதலில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைத் திரளவைத்து அடியில் படியவிடுகிறார்கள்.

சரி, நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் சுத்தம். அப்புறம்தான் கஷ்டமே. மண்ணுக்கடியில் பழைய குழாய்களில் பல கிலோமீட்டர் போக வேண்டும். குளோரினின் அருமை இங்கேதான் புரிகிறது.

1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் குளோரின் தரும் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தொடர்ந்து கலக்க ஏற்பாடு செய்தார். குடிக்கிற தண்ணீரில் ரசாயனமா என்று பலர் பதறிய காலம் அது. அந்தத் தண்ணீர் போதிய சுத்தமானதா என்ற வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. அந்த முறை பாதுகாப்பானது என்று கடைசியில் ஏற்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பல நகரங்கள் அதைப் பின்பற்றின.

குளோரின் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. அதன் மூலக்கூறுக்கு மின்சுமை இல்லாததால் பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி எளிதில் உள்ளே நுழைந்து அதன் நொதிகளைச் சிதைக்கிறது. தண்ணீரில் காரத்தன்மை கூடினால் இந்த அமிலம் மின்சுமை கொண்ட அயனியாக மாறிவிடும். கிருமியைக் கொல்லும் வேகம் வெகுவாகக் குறையும். அதனால்தான் குளோரின் அளவோடு, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் பார்க்கிறார்கள்.

கிருமிகளைக் கொன்ற பிறகும் கொஞ்சம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழாயைத் திறந்ததும் லேசாக வரும் அந்த வாடையைக் குறையாக நினைக்காதீர்கள். வழியில் ஏதாவது கலந்திருந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோயிருக்கும். வழக்கமாக வரும் வாடை திடீரென்று இல்லாமல் போனால்தான் நான் கவலைப்படுவேன்.

குளோரினைவிடப் பெரிய காவல் அழுத்தம். குழாய் நிறைந்து ஓடும்வரை விரிசல் வழியே தண்ணீர் வெளியேதான் போகும். வால்வை மூடியதும் உள்ளே அழுத்தம் விழுகிறது. சுற்றியுள்ள மண்ணில் தேங்கியது உள்ளே கசிகிறது. மீண்டும் திறக்கும்போது முதலில் வருவது அந்தக் கலவைதான். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் இடங்களில் முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல், வேறு வேலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

குழாயே விஷமாவதும் உண்டு. 2014-ல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் வேறொரு ஆற்றுக்கு மாறியபோது, அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தில் இருந்த பாதுகாப்புப் படிவு கரைந்து, ஈயம் குடிநீரில் இறங்கியது. தண்ணீரில் கரைந்த ஈயத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கொதிக்கவைத்தாலும் போகாது. குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கிறது. தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றுவது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதை அந்த ஊர் மக்கள் தங்கள் உடம்பால் தெரிந்துகொண்டார்கள். அப்படித் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இருந்திருக்கக் கூடாது.

வீட்டுக்குள் வந்த பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. பிடித்துவைத்த தண்ணீரிலிருந்து குளோரின் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். மறுநாள் அந்தப் பாத்திரத்தில் காவல் என்று எதுவும் இருக்காது. அப்போது ஒரு கழுவாத கை உள்ளே போனால் போதும்.