துபாய் ஏன் கடலைக் காய்ச்சுவதைக் கைவிடுகிறது?

துபாயில் ஆறு இல்லை, ஏரி இல்லை. ஆண்டு மழை சராசரியாக 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான். குழாயில் வருவது ஏறக்குறைய முழுக்கவே பாரசீக வளைகுடாவின் நீர். அதிலிருந்து உப்பைப் பிரிக்க இரண்டு வழிகள்: நீரை ஆவியாக்கிப் பிடிக்கலாம், சவ்வு வழியே பிழிந்தும் எடுக்கலாம். துபாயின் ஜெபல் அலி ஆலைகளில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது முதல் வழி.

காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 110 டிகிரி வரை சூடேற்றிய கடல்நீரை, ஒன்றைவிட ஒன்று அழுத்தம் குறைந்த அறைகளின் வழியே வரிசையாக ஓடவிடுவார்கள். நுழையும் ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் நீர் பொசுக்கென ஆவியாகும். அந்த ஆவி குளிர்ந்து நன்னீராகும்போது விடும் வெப்பம், உள்ளே வரும் புதிய கடல்நீரைச் சூடாக்கும். இப்படி ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் ஒரு டன் நீராவிக்கு 8 டன் நன்னீர்கூடக் கிடைக்கும்.

நீராவி பக்கத்து மின்நிலையத்திலிருந்து வருகிறது. சிக்கலும் அங்கேதான். குளிர்காலத்தில் ஏ.சி.கள் ஓய்ந்து மின் தேவை சரிந்துவிடும். தண்ணீர்த் தேவை அப்படிச் சரியாது. தண்ணீருக்காகவே எரிவாயுவை எரிக்க வேண்டிய நிலை.

இரண்டாவது வழி நமக்கும் பழகிய ஆர்.ஓ. இதற்கு உதவும் சவ்வை 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் உருவாக்கிய இருவர் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு; வளைகுடாவில் 40 முதல் 45 கிராம். உப்பு கூடினால் பிழியத் தேவையான அழுத்தமும் கூடும். 60, 70 பார் சாதாரணம். கார் டயரில் இருப்பதோ 2 பார் சொச்சம்.

சவ்வுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது வேறொரு கருவிக்குச் சேர வேண்டும் என்பேன். 100 லிட்டர் கடல்நீரை அழுத்தினால் 40 லிட்டர் அளவுக்குத்தான் நன்னீர். மீதி 60 லிட்டர் உப்புக் கரைசல் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தோடு வெளியேறும். அதை அப்படியே கடலில் விட்டால் செலவழித்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் போச்சு. இதைத் தடுப்பது நீளவாக்கில் துளைகள் கொண்ட ஒரு பீங்கான் உருளை. அது வேகமாகச் சுழலும்போது, துளையின் ஒருமுனையில் புகும் கரைசல், அங்கே ஏற்கெனவே நிற்கும் புதுக் கடல்நீரை நேரடியாகத் தள்ளித் தன் அழுத்தத்தை அதற்குக் கொடுத்துவிடும். நடுவில் பிஸ்டன் கிடையாது. தொட்டுக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு என்பதால் இரண்டும் பெரிதாகக் கலப்பதுமில்லை. சவ்வுகளும் மேம்பட, 1970களில் ஆயிரம் லிட்டருக்கு 10 யூனிட்டுக்கு மேல் தின்ற மின்சாரம் இன்று மூன்று, நான்கு யூனிட்டாகிவிட்டது. இயற்பியல் விதிகளின்படி எப்படியும் ஒரு யூனிட்டாவது வேண்டும். அதற்குக் கீழே இறங்கவே முடியாது.

மின்சாரம் மட்டும் போதும் என்பதால் பகலில் சூரிய ஒளியைக் கொண்டே ஆலையை ஓட்டலாம். மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது சுலபம். ஹஸ்யானில் நாளொன்றுக்குச் சுமார் 82 கோடி லிட்டர் தரக்கூடிய ஆர்.ஓ. ஆலைக்கு துபாய் 2023இல் ஒப்பந்தம் போட்டது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் சவ்வுக்கு அழுக்கு ஆகாது. 2008–09இல் வளைகுடாப் பகுதியில் மாதக்கணக்கில் செம்பாசி பெருகியபோது சில ஆர்.ஓ. ஆலைகளை மூடவே நேர்ந்தது. கொதிக்கவைக்கும் ஆலைகளுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. அதனால் நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கீழிருந்து விட்டு, பாசியை மேலே மிதக்கவைத்து வழித்தெடுக்கும் தொட்டிகளை இங்கே சவ்வுக்கு முன்னால் கட்டுகிறார்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஆர்.ஓ. தண்ணீரின் விலையைப் பார்க்க வேண்டும்.