கடைமடைக்கு வந்து சேராத 5,600 ரூபாய்

நெல் விற்ற பணத்துக்கு வருமான வரி கிடையாது. அதே பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டால் வரும் வட்டிக்கு உண்டு. மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “என் வயல்ல விளைஞ்ச காசுதானேடா?” என்பார். ஒரு வருஷம் அவருக்கு 56,000 ரூபாய் வட்டி வந்தது. வங்கி அதில் 10 சதவீதம், 5,600 ரூபாய், டிடிஎஸ் (பணம் கைக்கு வருமுன்பே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடித்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லை, திரும்ப வாங்கிவிடலாம் என்று ரிட்டர்ன் போட உட்கார்ந்தோம். ஒருவர் பெயரில் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தப் பணமே இல்லை.

பிடித்த வரியை வங்கி மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் செலான் போட்டு அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்தப் பான் எண்ணில் எவ்வளவு பிடித்தோம் என்ற பட்டியலும் தர வேண்டும். பணம் ஒரு வழியாக வருகிறது, பட்டியல் இன்னொரு வழியாக. காசியாபாத்தில் இருக்கும் டிடிஎஸ் மையத்தின் கணினி இரண்டையும் ஒட்டிப் பார்க்கும். கல்லணையில் திறந்த தண்ணீரின் அளவையும் வாய்க்கால் மதகில் லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) குறித்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மாதிரி. பட்டியலில் ஒரு லட்சம், செலானில் 80,000 என்றால் நோட்டீஸ் வரும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் மாதம் 1.5 சதவீதம் வட்டி. சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

ஆனால் பிடிக்கவே பிடிக்காத வரி? அது பட்டியலிலும் இராது, செலானிலும் இராது. இரண்டு பூஜ்யங்கள் அழகாகப் பொருந்திவிடும். ஒரே வங்கியின் நாலு கிளைகளில் டெபாசிட்டைப் பிரித்துப் போட்டு, டிடிஎஸ் பிடிக்காத வட்டி வரம்புக்குள் நிற்கும் சாமர்த்தியம் நம்மூரில் பலருக்கும் தெரிந்ததுதான். கணினியில் இணைந்த கிளைகளின் வட்டியைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்று 2015 ஜூனில் அதை அடைத்தார்கள். கூட்டுறவு வங்கிகள் தங்கள் உறுப்பினர்களின் டெபாசிட்டுக்கும் பிடிக்கத் தொடங்கியது அப்போதுதான். இப்போது வட்டி விவரம் தனியாகவும் வரித் துறைக்குப் போகிறது.

சரி, நோட்டீஸ் அனுப்பிவிட்டுத் துறையே தூங்கினால்? சி.ஏ.ஜி. எனும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அமைப்பின் ஆட்கள் துறையின் கோப்புகளை மாதிரிக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். அறிக்கை நாடாளுமன்றத்துக்கும், அங்கிருந்து 22 பேர் கொண்ட பொதுக் கணக்குக் குழுவுக்கும் போகும். 1967 முதல் அதற்கு எதிர்க்கட்சிக்காரர் தலைமை வகிப்பது வழக்கம். நல்ல ஏற்பாடுதான், வேகம்தான் போதவில்லை. குழு கேள்வி கேட்பதற்குள் சம்பந்தப்பட்ட அதிகாரி ஓய்வு பெற்றிருக்கலாம்.

சித்தப்பா விஷயத்தில் ஏய்ப்பு எதுவும் இல்லை. பான் எண்ணில் 52 என்பதைக் கிளையில் 25 என்று அடித்திருந்தார்கள். அவர்கள் திருத்தப் பட்டியல் அனுப்பி, அந்த 5,600 ரூபாய் 26ஏஎஸ்-இல் தலைகாட்ட ஏழு வாரம் ஆனது.